இருபது லிட்டர் பாலை ஆற்றத் தொட்டி நீரா, ஐஸா, குழாய்ச் சுருளா?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கங்களில் வீட்டிலேயே தயிர் உறைய வைத்துக் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் கொடுப்பவர்கள், அளவு ஐந்து லிட்டரிலிருந்து இருபது லிட்டராக உயரும்போது ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். பெரிய அடுப்பு வாங்கினால் பால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. காய்ந்த பால் ஆறுவதற்குத்தான் வழியில்லை. ஐந்து லிட்டர்ப் பால் கைவேலை முடிவதற்குள் ஆறிவிடும். இருபது லிட்டர் அண்டா அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் கைசுடும். அதற்குள் மதியமாகிவிடுகிறது, உறை ஊற்றுவது தள்ளிப்போகிறது, மறுநாள் காலைக்குத் தயிர் பதமாக வருவதில்லை.

இதற்கு வழி தேடுபவர்கள் கடைசியில் வந்து சேருவது வெளிநாட்டார் வீட்டில் பீர் காய்ச்சும் காணொளிகளில். முளைகட்டிய பார்லியை வேகவைத்து இறக்கிய சாற்றைக் கொதிநிலையிலிருந்து இருபது டிகிரி அளவுக்கு விரைவாகக் குளிர்விக்க அவர்கள் ஒரு செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துப் பாத்திரத்துக்குள் இறக்கி, குழாய்க்குள் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். பீர் காய்ச்சுவதற்குத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இங்கே இடம் தருவதில்லை. ஆனால் அந்தக் கருவிக்குள் ஓடுவது வெறும் தண்ணீர்தான், அதைப் பாலுக்குப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை. ஆகவே ஏ.சி. மெக்கானிக்கிடம் எட்டு மீட்டர் செம்புக் குழாய் வாங்கிவிடலாமா, பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி அண்டாவை இறக்கினாலே போதாதா, ஐஸ் வாங்குவது மலிவா என்ற கேள்விகள் வருகின்றன. விடை உலோகத்தைவிட அதிகமாகத் தண்ணீரைப் பொறுத்திருக்கிறது என்பதே என் கணிப்பு. அதனால் அளவுகோல்களையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, பால் இறங்க வேண்டிய சூட்டுக்கும் உங்கள் வீட்டுத் தண்ணீரின் சூட்டுக்கும் உள்ள இடைவெளி. எந்தப் பொருளும் தன்னைக் குளிர்விக்கும் நீரைவிடக் கீழே இறங்காது; அதை நெருங்க நெருங்க இறங்கும் வேகமும் குறையும். உறைமோர் கலக்க 40-லிருந்து 45 டிகிரி செல்சியஸ் போதும். இந்தக் கட்டுரையில் 43 என்று வைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரி இருந்தால் இடைவெளி பதின்மூன்று டிகிரி. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி 38-க்கு ஏறிவிட்டால் வெறும் ஐந்து. பீர் காய்ச்சும் குளிர்நாட்டாருக்கு இருபது டிகிரிக்கு இறங்க வேண்டும் என்றாலும் அவர்கள் குழாயில் அதைவிடக் குளிர்ந்த நீர் வருகிறது. இங்கே எந்தச் சுருளைப் போட்டாலும் இருபதுக்கு இறக்க முடியாது. தயிருக்கு அது தேவையும் இல்லை.

இரண்டாவது, எத்தனை குடம் தண்ணீர் செலவாகும், அது ஓடிய பிறகு எங்கே போகும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்தும், ஊருணியைச் சுற்றியே ஊரை அமைத்தும் வாழ்ந்த வறண்ட சீமை இது. நிமிடத்துக்கு ஆறு லிட்டரைச் சாக்கடையில் விடும் முறை எதுவும் இங்கே மலிவான முறை ஆகாது.

மூன்றாவது, துப்புரவு. கொதிக்க வைத்த பாலில் பெரும்பாலான கிருமிகள் மடிந்தாலும், சில வகைப் பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கிப் பிழைக்கும். பால் அறுபது டிகிரிக்குக் கீழே வந்து வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரம் முழுவதும் அவற்றுக்கு நல்ல காலம். விரைந்து ஆற்றுவதன் காரணமே இதுதான் என்பதால், ஆற்றுவதற்காகப் பாலுக்குள் இறக்கும் பொருள் புதிதாக அழுக்கைக் கொண்டுவந்துவிடக் கூடாது.

நான்காவது, உடலுழைப்பும் ஆபத்தும், ஐந்தாவது, பணம். பணத்தில் ஒருமுறை போடுவதையும் தினந்தோறும் போவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## கணக்கு

இருபது லிட்டர் பாலை 95 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்கு இறக்க, அதிலிருந்து ஏறத்தாழ 4,200 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் பிடிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல் பிடிக்கும். இவ்விரண்டையும் வைத்து நான் போட்ட கணக்குதான் கீழே உள்ள அட்டவணை. உங்கள் பாத்திரத்தின் கனத்துக்கும் கிளறும் கைக்கும் ஏற்ப நிமிடங்கள் கூடலாம், குறையலாம். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது.

| முறை | நேரம் | செலவாகும் நீர் அல்லது ஐஸ் | முதலீடு | முக்கியக் குறை |
|---|---|---|---|---|
| தானாக ஆறவிடுதல் | 3–4 மணி அல்லது மேலும் | இல்லை | இல்லை | வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடக்கும் |
| தொட்டி நீர், ஒருமுறை மாற்றி, கிளறி | சுமார் 30 நிமிடம் | 100 லிட்டர் | ஒரு தொட்டி | கொதிக்கும் அண்டாவைத் தூக்க வேண்டும் |
| ஐஸ் தொட்டி | 15–20 நிமிடம் | 9–12 கிலோ ஐஸ் | ஒரு தொட்டி | தினச் செலவு |
| எவர்சில்வர் சுருள், நிமிடத்துக்கு 4 லிட்டர், கிளறி | சுமார் 17 நிமிடம் | 70 லிட்டர் | குழாய், பட்டறைக் கூலி | கழுவும் வேலை |
| அதே சுருள், கிளறாமல் | சுமார் 30 நிமிடம் | 120 லிட்டர் | அதேதான் | நீர் வீண் |
| அதே சுருள், கிளறி, 38 டிகிரி நீர் | சுமார் 26 நிமிடம் | 104 லிட்டர் | அதேதான் | மதிய வெயில் |

நான்காம், ஐந்தாம் வரிகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு கரண்டியின் விலை தெரியும்: கிளறாமல் விட்டால் நேரமும் நீரும் ஏறத்தாழ இரு மடங்காகின்றன. குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் பால் மட்டும் குளிர்ந்து அங்கேயே போர்வைபோல் ஒட்டிக்கொள்வதும், சற்றுத் தள்ளியுள்ள பால் சூடாகவே கிடப்பதும்தான் காரணம். கிளறினால் ஆடை படிவதும் குறையும். ஆடைத் தயிரைத்தான் வாடிக்கையாளர் விரும்புகிறார் என்றால் அது வேறு வியாபாரம். ஆடைத் தயிர் போடுபவர்கள் அகலச் சட்டியில் தானாக ஆறவிடுவதே முறை.

## தொட்டி நீர்

பணம் போடாமல் தொடங்குபவருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். அண்டாவை இறக்கிய பிறகும் ஐம்பது லிட்டர் நீர் பிடிக்கும் அகலத் தொட்டியில் அண்டாவின் பால் மட்டத்துக்கு இணையாகத் தண்ணீர் நிற்க வேண்டும். பாலையும் கிளற வேண்டும், வெளியே உள்ள நீரையும் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். ஒரே தொட்டி நீரில் முடித்துவிடலாம் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். இருபது லிட்டர் கொதிபாலும் முப்பது டிகிரியில் இருக்கும் ஐம்பது லிட்டர் நீரும் எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தாலும் 48 டிகிரியில் சமமாகி நின்றுவிடும், அதற்குமேல் இறங்காது. பால் அறுபதுக்கு அருகில் வந்ததும் சூடேறிய நீரை வடித்துவிட்டுப் புதுநீர் விட்டால் இரண்டாம் சுற்றில் 43-ஐ எட்டும்.

மறைந்திருக்கும் செலவு கைகளில் இருக்கிறது. இருபது கிலோ கொதிபாலும் அண்டாவின் எடையும் சேர்ந்து அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக வேண்டும். நம் பழைய வீடுகளில் அடுப்படி ஒரு கட்டுக்குள் இருக்கும், தண்ணீர்த் தொட்டியும் வாய்க்காலும் பின்கட்டில் இருக்கும். இடையில் நிலைப்படிகள் உண்டு. அந்த நிலைப்படியில் கால் இடறினால் தயிர் வியாபாரத்தின் லாபம் அத்தனையும் மருத்துவச் செலவாகிவிடும். தொட்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பைக் கொண்டுபோக முடிந்தவர்கள், இருவராகப் பிடித்து இறக்க ஆள் உள்ளவர்கள், பத்துப் பன்னிரண்டு லிட்டருக்குள் நிற்பவர்கள் ஆகியோர் இதைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் ஒன்று: தொட்டி நீர் அண்டாவின் விளிம்பைத் தாண்டித் தளும்பிப் பாலுக்குள் விழாதபடி நான்கு விரல் உயரம் விட்டு நிரப்ப வேண்டும்.

## ஐஸ்

பார் ஐஸ் மீனுக்காகவும் குளிர்பானப் பெட்டிகளுக்காகவும் செய்யப்படுவது. அதைப் பாலுக்குள் போடும் பேச்சே கூடாது. தொட்டிக்குள், அண்டாவுக்கு வெளியே மட்டும் போடலாம். தினமும் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோ என்பது மாதத்துக்கு முந்நூறு கிலோவைத் தொடும். உங்கள் ஊர் விலையால் அதைப் பெருக்கினால், சுருளுக்குச் செய்யும் முதலீடு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். 43 டிகிரிக்கு இறக்குவதற்கு ஐஸ் வாங்குவது, வெறும் தண்ணீர் செய்யும் வேலைக்குக் கூலி கொடுப்பது போன்றதுதான்.

ஐஸ் தன் விலைக்கு உழைக்கும் இடம் வேறு. நன்னாரி, இஞ்சி போன்றவற்றைக் காய்ச்சிப் புட்டியில் அடைப்பவர்களும், ரோஸ்மில்க்குக்காகப் பாலைக் குளிர்ப்பெட்டிக்குள் வைப்பவர்களும் முப்பது டிகிரிக்குக் கீழே போயாக வேண்டும். அவர்களும் தண்ணீரால் நாற்பதுக்கு இறக்கிவிட்டு, மிச்ச தூரத்துக்கு மட்டும் ஐஸைப் பயன்படுத்தினால் செலவு பாதிக்கும் கீழே வரும். மூடி இறுகிய எவர்சில்வர்த் தூக்குவாளியில் ஐஸை நிரப்பி, வெளிப்புறத்தைக் கொதிநீரில் அலசி, கைப்பிடியைப் பிடித்துப் பாலுக்குள் துழாவுவது நல்ல உத்தி. குளிர்ப்பெட்டியில் உறைய வைத்த பிளாஸ்டிக் புட்டியைக் கொதிபாலில் போடுவது நல்லதல்ல.

## செம்புச் சுருள்

செம்பின் வெப்பக் கடத்துத்திறன் எவர்சில்வரைப் போல இருபது மடங்குக்கும் மேல். காணொளிகளில் எல்லாரும் செம்பைப் புகழ்வதற்கு இதுவே காரணம், அது மெய்தான். ஆயினும் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர்க் குழாயின் சுவர் வெப்பத்துக்குப் போடும் தடை, குழாயைச் சுற்றி அசையாமல் நிற்கும் பால் போடும் தடையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. எனவே செம்புக்கு மாறினால் மிஞ்சுவது ஓரிரு நிமிடம். கரண்டியால் கிளறினால் மிஞ்சுவது பதின்மூன்று நிமிடம்.

செம்பைப் பாலுக்கு நான் ஒதுக்குவதற்கு வேகம் காரணமில்லை. மிக நுண்ணிய அளவு செம்பு பாலில் கரைந்தாலும் கொழுப்பு காற்றுடன் சேர்ந்து கெடுவதை அது தூண்டும். அட்டைப்பெட்டி போன்ற ஒரு வாடை ஏறும். புளித்த பொருளில் செம்பு இன்னும் வேகமாகக் கரையும். இந்தச் சீமையில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீர்வரிசையில் வந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசாமல் மோரோ புளியோ ஊற்ற எந்த ஆச்சியும் விட்டதில்லை. அதே செம்பைக் குழாயாக வளைத்து, வெளிப்புறம் பூச்சில்லாமல், பாலுக்குள் இறக்கலாமா என்று கேட்டால் விடை அவர்களிடமே இருக்கிறது. பீர்க்காரர்களுக்கு வேறு கணக்கு: அவர்கள் சாற்றில் பால்கொழுப்பு இல்லை.

ஏ.சி. வேலையில் மிஞ்சிய பழைய குழாய் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் கம்ப்ரசர் எண்ணெய் படிந்திருக்கும் என்பதும், அலுமினிய அண்டாவுக்குள் செம்பு படும்போது இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு உண்டாகி அலுமினியம் கரையும் என்பதும் விலைக்குள் சேராத செலவுகள். (1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு காரைக்குடிக்காரர்கள் இதை மறந்தால் எப்படி?) பாலில்லாத, புளிப்பில்லாத பொருளை மட்டும் காய்ச்சுபவர், வளைக்கப் பட்டறை வசதி இல்லாதவர், புதிய குழாயாக வாங்க முடிந்தவர் ஆகியோருக்குச் செம்பு பொருந்தும்; கையாலேயே வளைக்கலாம் என்பது அதன் மறுக்க முடியாத வசதி.

## எவர்சில்வர்ச் சுருள்

இருபது லிட்டருக்கு மேல் நாள்தோறும் காய்ச்சுபவருக்கு நான் பரிந்துரைப்பது இது. கேட்க வேண்டிய தரம் 304. அதைவிட மலிவான 202 தரத்தையும் எவர்சில்வர் என்றே விற்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று, காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. ஆகையால் காந்தத்தை வைத்துச் சோதித்து வாங்கினேன் என்பது பயனில்லாத திருப்தி. பில்லில் தரத்தை எழுதித் தரும் கடையில் வாங்குவதே வழி.

குழாயின் பருமனைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். காணொளியில் வருவது மூன்று நூல் குழாய், அதாவது 9.5 மில்லிமீட்டர், எட்டு மீட்டர் தேவைப்படும். அதன் வழியே நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓட வேண்டுமானால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீர்மட்ட அழுத்தம் குழாய்க்குள்ளேயே தின்னப்பட்டுவிடும். ஒற்றைத் தள வீட்டின் மொட்டைமாடித் தொட்டி தரும் அழுத்தம் மொத்தமே அந்த அளவுதான். ஓஸ் இழப்பையும் சேர்த்தால் நீர் நூலாகத்தான் வரும். பழைய ஏர்கூலரின் பம்பைப் பொருத்திச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அதுவும் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளாது. இதற்குப் பதிலாக அரை இஞ்சுக் குழாய் ஆறு மீட்டர் வாங்கினால், பாலைத் தொடும் பரப்பும் அதே, எடையும் ஏறத்தாழ அதே ஒன்றே முக்கால் கிலோ, அழுத்த இழப்போ அரை மீட்டர்தான். எவர்சில்வர்க் குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் விற்கப்படுவதால் வெட்டு மிச்சமும் இராது.

செலவில் முதன்மையானது வளைப்பதற்கான கூலி. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வரைக் கையால் வளைத்தால் நசுங்கும். உருளை வைத்து வளைக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும், அல்லது நன்றாகக் காய்ந்த நைமணலை இறுக நிரப்பி இரு முனையையும் அடைத்து வளைக்கச் சொல்ல வேண்டும். முப்பது செ.மீ. விட்ட அண்டாவுக்கு இருபத்து நான்கு செ.மீ. விட்டத்தில் ஆறேழு சுற்று வரும். சுற்றுகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இல்லாவிட்டால் தேய்த்துக் கழுவ முடியாது. கழுவ முடியாத சுருளைப் பாலுக்குள் இறக்குவதைவிடத் தானாக ஆறவிடுவது மேல். ஓஸ் மாட்டும் இணைப்புகள் இரண்டும் அண்டாவின் விளிம்புக்கு வெளியே, விளிம்பைவிடத் தாழ்வாக வரும்படி முனைகளை வளைத்துவிட வேண்டும். அப்போதுதான் கிளிப் தளர்ந்து கசிந்தாலும் தண்ணீர் தரையில் சொட்டும், பாலில் சொட்டாது.

வெளியேறும் நீர் முதல் ஓரிரு நிமிடங்களில் கைசுடும் சூட்டில் வரும். தோட்டத்து ஓஸ் அதில் தளர்ந்து நழுவும். வெளியேறும் பக்கத்துக்கு மட்டுமாவது வெப்பம் தாங்கும் சிலிக்கான் ஓஸ் வேண்டும். சுருளைத் தூய்மையாக்க, பால் காயும் கடைசி ஐந்து நிமிடம் அதற்குள்ளேயே வைத்துவிடலாம். அந்த நேரத்தில் இரு முனைகளும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். முந்தைய நாள் நீர் உள்ளே தேங்கி, முனைகள் அடைபட்டிருந்தால் நீராவி அழுத்தத்தில் ஓஸ் பிய்ந்து கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

திருகைத் தாராளமாகத் திறந்துவிடுவதால் ஆதாயம் மிகக் குறைவு. நிமிடத்துக்கு நான்கிலிருந்து ஆறு லிட்டராகக் கூட்டினால் நேரம் பதினேழிலிருந்து பதினாறு நிமிடமாகிறது. நீர் எழுபதிலிருந்து தொண்ணூற்று நான்கு லிட்டராகிறது. ஒரு நிமிடத்துக்காக ஒன்றரைக் குடத்துக்கு மேல் கொட்டுவதில் பொருளில்லை.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உள்ள வீடுகளில் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும்; சில மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஊறவிட்டு அலச வேண்டும். வெளிப்புறத்தில் பால்படிவம் காய்ந்துவிட்டால் தேய்ப்பது பெரும்பாடு, ஆதலால் எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும்.

## தட்டுச் சில்லரும் இரட்டைக் குழாயும்

அடுக்கிய தகடுகளின், அல்லது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களின், ஒருபுறம் பாலும் மறுபுறம் நீரும் ஓடும் இந்தக் குளிர்விக்கும் கருவிகள் வேகத்தில் யாவற்றையும் மிஞ்சும். வீட்டளவுக்கு விற்கப்படும் சிறு தட்டுச் சில்லர்களில் தகடு எவர்சில்வராக இருந்தாலும், தகடுகளை ஒட்டுவது பெரும்பாலும் செம்பு. திறந்து கழுவவும் முடியாது. ஓஸுக்குள் குழாயைச் செருகிச் செய்யும் இரட்டைக் குழாயிலும் பால் ஓடிய உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. பால்பண்ணைகளில் இருப்பது கழற்றிக் கழுவும் வகை. அதன் விலையும் பம்பும் நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் காய்ச்சுபவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

## ஓடிய நீரை என்ன செய்வது

எழுபது லிட்டரில் முதல் பதினைந்து லிட்டரைத் தனியாகப் பிடித்தால், அண்டாவும் கரண்டியும் கழுவத் தேவையான வெந்நீர் அடுப்பு எரிக்காமலே கிடைத்துவிடும். மிச்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அண்டாக்களில் பிடித்து வைத்தால் மாலைக்குள் ஆறிவிடும், மாட்டுக்கோ தென்னைக்கோ விடலாம். வழக்கமாகக் காலை ஐந்து மணிக்கே பால் வந்துவிடுவதால், உடனே காய்ச்சி, இரவெல்லாம் குளிர்ந்த தொட்டிநீர் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆற்றும் வேலையையும் முடித்துவிட வேண்டும். மாலைப் பாலும் வாங்குபவர்கள் மொட்டைமாடித் தொட்டியை நம்பாமல், தரைக்குக் கீழுள்ள தொட்டியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நேராக நீர் எடுக்கும் ஏற்பாட்டைக் குழாய் வாங்குவதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.